மாடு எதைக் கண்டு மிரள்கிறது: குதிரை லாயத்தில் கற்றதும் படுவான்கரையில் உதவியதும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பக்கத்தில் மாடு யாரையாவது உதைத்துவிட்டால் அல்லது முட்டிவிட்டால், உடனே அந்த மாட்டின் குணத்தைப் பற்றித்தான் பேச்சு எழும். குழப்படி மாடு என்பார்கள், சுழி சரியில்லாத நாம்பன் (இளங்காளை) என்பார்கள், வந்த விலைக்கு விற்றுவிடச் சொல்வார்கள். அந்த நேரத்தில் அதன் கண்ணுக்கு எது தெரிந்தது, எது தெரியாமற் போனது என்று விசாரிப்பவர் மிகக் குறைவு. பட்டியிலும் வயலிலும் வீதியிலும் கால்நடைகளால் மனிதருக்கும் மனிதரால் கால்நடைகளுக்கும் ஏற்படும் காயங்களில் பல, இரு தரப்பும் ஒன்றையொன்று நேரத்தோடு காணாததால் நேர்பவை என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே கால்நடையின் பார்வையைத் தெரிந்துகொள்வது படித்தவர்களுக்கு மட்டும் உரிய விடயம் அன்று. விடியற்காலையில் பால் கறக்கப் போகும் பெண்ணுக்கும், பட்டியைச் சாய்த்துக்கொண்டு, அதாவது மந்தையை ஓட்டிக்கொண்டு, போகும் இளைஞனுக்கும், இருட்டிய பிறகு செங்கலடியிலிருந்து கரடியனாற்றுப் பக்கம் மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கும் அது தேவை.

இதை நான் முதலில் குதிரைகளிடம்தான் கற்றேன். எங்கள் ஊரில் குதிரை என்றால் திருவிழாவில் சுவாமி எழுந்தருளும் மரக்குதிரை வாகனம்தான். உயிருள்ள குதிரையைப் பார்க்க நெடுந்தீவுக்கோ நுவரெலியாவுக்கோ போக வேண்டும். வேலை தேடிக் கத்தாருக்குப் போன எனக்கு அங்கே ஒரு குதிரை லாயத்தில் இடம் கிடைத்தது. அங்கு மூத்த பராமரிப்பாளராக இருந்த பாகிஸ்தான்காரர் ஒருவர், புதிதாக வருகிறவர்களின் கையில் தும்புத்தடியையோ வாளியையோ கொடுப்பதற்கு முன்பே, குதிரைக்கு எங்கே கண் தெரியும், எங்கே தெரியாது என்பதைச் சுற்றிச் சுற்றி நடத்திக் காட்டிவிடுவார். வேலையின் மற்றப் பகுதிகளைப் போகப் போகப் பழகலாம், இதைப் பழகுவதற்குள் காலோ விலா எலும்போ போய்விடும் என்பது அவருடைய கணக்கு. குதிரை எளிதில் மிரளும் விலங்கு, விலை மிகுந்த விலங்கு, மனிதர் ஏறிச் செல்லும் விலங்கு. இந்த மூன்று காரணங்களாலும் அதன் பார்வை உலகில் நன்றாக ஆராயப்பட்டிருக்கிறது.

குதிரையின் கண், நிலத்தில் வாழும் பாலூட்டிகளின் கண்களுள் மிகப் பெரியவற்றில் ஒன்று. மனிதக் கண்ணின் குறுக்களவு ஏறத்தாழ 24 மில்லிமீற்றர். குதிரையினுடையது 40 மில்லிமீற்றருக்கும் கூடியது. நமது கண்கள் முன்னோக்கி இருப்பதால் நமக்கு ஏறத்தாழ 180 பாகை அளவுக்கே சுற்றுப்புறம் தெரிகிறது. குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருப்பதால், அது தலையைத் திருப்பாமலே 350 பாகை வரை காண்கிறது. புல்வெளியில் மேயும்போது பக்கத்திலிருந்தும் பின்பக்கத்திலிருந்தும் பதுங்கி வரும் வேட்டை விலங்கை அறிந்து ஓடுவதற்கு ஏற்ற அமைப்பு இது. கண்மணியும் நம்முடையதைப் போல வட்டமாக இல்லாமல் கிடையாக நீண்டிருக்கும். விழித்திரையில் பார்வைக் கலங்கள் நெருக்கமாக உள்ள பகுதியும் கிடையான பட்டைபோல் இருக்கும். இதனால் தொடுவானத்தை ஒட்டி அசையும் எதுவும் அதன் கவனத்துக்கு உடனே வருகிறது.

இவ்வளவு விரிந்த பார்வைக்கு அது கொடுக்கும் விலை, இரண்டு கண்களும் சேர்ந்து பார்க்கும் இடம் குறுகியிருப்பதுதான். முன்பக்கத்தில் சுமார் 60 பாகை அளவிலேயே இரு கண்களின் பார்வையும் ஒன்றின்மேல் ஒன்று விழுகிறது. நமக்கு இது அதன் இரு மடங்கு. தூரத்தையும் பள்ளத்தையும் சரியாக மதிப்பிடுவதற்கு இரு கண் பார்வை பெரிதும் உதவுவதால், பக்கவாட்டில் ஒன்றைக் கண்ட குதிரை உடனே நின்று தலையைத் திருப்பி, உயர்த்தியோ தாழ்த்தியோ பார்க்க விரும்பும். அந்தச் சில நொடிகளைக் கொடுக்காமல் கயிற்றைப் பிடித்து இழுத்தால், தெரியாத ஒன்றை நோக்கி அதை நாம் தள்ளுகிறோம் என்றே அது எடுத்துக்கொள்ளும்.

முற்றிலும் தெரியாத இடங்கள் இரண்டு. ஒன்று, வாலுக்கு நேர் பின்னால். மற்றது, நெற்றிக்கு நேர் முன்னாலும் மூக்குக்குக் கீழும் உள்ள சிறிய பகுதி. தான் கடிக்கும் புல்லையே குதிரை கடிக்கும் கணத்தில் காண்பதில்லை. உதட்டாலும் மீசை மயிராலும் தடவித்தான் அறிகிறது. அன்போடு நெற்றியைத் தடவ நேர் முன்னால் கையை நீட்டுபவரின் கை, பாதி வழியில் அதன் பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறது. அதனால்தான் பல குதிரைகள் அந்தக் கையிலிருந்து தலையைச் சட்டென உயர்த்திக்கொள்கின்றன. லாயத்தில் எங்களுக்குச் சொல்லித்தந்தது இதுதான்: தோளை நோக்கிச் சாய்வாக வர வேண்டும், வரும்போதே குரல் கொடுக்க வேண்டும், முதலில் தோளிலோ கழுத்திலோ கை வைக்க வேண்டும், பின்புறம் போக வேண்டியிருந்தால் வைத்த கையை எடுக்காமல் உடலோடு ஒட்டியே நடக்க வேண்டும், அல்லது கால் எட்டாத அளவு நன்றாக விலகிச் சுற்ற வேண்டும். ஒட்டி நிற்பவரின்மேல் உதை விழுந்தாலும் அதற்கு முழு வேகம் சேர்ந்திருக்காது. முழு வேகத்தோடு உதை வந்து சேரும் இடைத்தூரம்தான் ஆபத்தானது.

ஒளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று குதிரைக்கும் மாட்டுக்கும் உண்டு. இரவில் விளக்கொளி பட்டதும் கண் மினுங்குவது இதனால்தான். கலங்களைக் கடந்து போன ஒளி மீண்டும் ஒரு முறை அவற்றின்மேல் படுவதால், மங்கல் வெளிச்சத்தில் அவை நம்மைவிட நன்றாகப் பார்க்கின்றன. ஆனால் கடும் வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கும் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கும் மாறும்போது அவற்றின் கண் பழகிக்கொள்ள நம் கண்ணைவிடக் கூடுதலான நேரம் எடுக்கும். கத்தாரின் மதிய வெயிலிலிருந்து லாயத்தின் வாசலுக்கு வந்த குதிரை அங்கேயே கால் ஊன்றி நின்றுவிடுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். உள்ளே ஒன்றும் இல்லை என்பது நமக்குத் தெரியும். அதற்கு அந்த வாசல் ஒரு கரிய குழி.

நிறம் இன்னொரு விடயம். நமக்கு நிறம் காண மூன்று வகைக் கூம்புக் கலங்கள் உள்ளன. குதிரைக்கும் மாட்டுக்கும் இரண்டு வகைகளே உள்ளன. நீலமும் மஞ்சளும் அவற்றுக்கு நன்றாகப் பிரிந்து தெரியும். சிவப்பும் பச்சையும் ஒன்றோடொன்று கலந்துபோகும். பிரித்தானியக் குதிரைப் பந்தயங்களில் தாண்டும் தடைகளின் சட்டங்களுக்கு நெடுங்காலம் செம்மஞ்சள் நிறமே பூசப்பட்டது. மனிதக் கண்ணுக்கு அது பளிச்சென்று தெரிந்தாலும், புல்லின் பச்சையிலிருந்து குதிரைக்கு அது நன்றாகப் பிரிந்து தெரிவதில்லை என எக்சிற்றர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டிய பிறகு, 2022 இல் அதை வெள்ளைக்கு மாற்றத் தொடங்கினார்கள். குதிரைக்காக வைத்த எச்சரிக்கை நிறம் அத்தனை காலமும் மனிதருக்கே எச்சரிக்கையாக இருந்திருக்கிறது. சிவப்புச் சேலையைக் கண்டு மாடு சீறும் என்ற நம் நம்பிக்கைக்கும் இதுவே பதில். அசையும் துணியையும் தெரியாத ஆளையும் கண்டு மாடு மிரளலாம், சிவப்பு நிறத்தைக் கண்டு அன்று.

ஊருக்குத் திரும்பி எங்கள் குடும்பத்தின் பட்டியோடு நின்றபோது, இவற்றில் பெரும்பகுதி மாட்டுக்கும் பொருந்துவதைக் கண்டேன். சில இடங்களில் வேறுபாடும் உண்டு. மாட்டின் பார்வைப் பரப்பு குதிரையைவிடச் சற்றுக் குறைந்து ஏறத்தாழ 330 பாகை. பின்புறக் குருட்டு இடம் அதற்கும் இருக்கிறது. கூர்மையில் மாடு மிகவும் பின்தங்கியது. 20 அடி தூரத்திலிருந்து குதிரைக்குத் தெரியும் நுணுக்கத்தை நல்ல பார்வையுள்ள மனிதர் 30 அடியிலிருந்தே கண்டுவிடுவார் என்று கொண்டால், மாட்டுக்கு அதே நுணுக்கம் தெரிய இன்னும் நெருங்க வேண்டும். உதைக்கும் விதமும் வேறு. குதிரை பெரும்பாலும் நேர் பின்னால் உதைக்கும். மாடு காலை முன்னே எடுத்துப் பக்கவாட்டில் வளைத்து வீசும். ஆகவே பின்னால் நிற்காவிட்டாலும், தொடைக்குப் பக்கத்தில் குந்தியிருந்து கறப்பவர் பாதுகாப்பாக இருப்பதாக நினைத்துவிட முடியாது. தினமும் அதே பக்கத்திலிருந்து, அதே குரலோடு வந்து அமர்வது இந்த வேலையில் பெரிய காப்பு. எங்கள் பட்டியில் முதிர்ந்த மேய்ப்பர் ஒருவர் பையன்களிடம், “கிட்டப் போகக்குள்ள கதைச்சுக்கிட்டுப் போ மனே” என்று ஓயாமல் சொல்வார். லாயத்தில் கேட்ட பாடத்தை மட்டக்களப்புப் பேச்சில் மீண்டும் கேட்டபோது எனக்குப் பெரும் மகிழ்ச்சியாக இருந்தது.

மாட்டைச் சாய்க்கும்போது அறிய வேண்டியது ஒன்று உண்டு. ஒவ்வொரு மாட்டையும் சுற்றி, அந்நியர் நுழைந்தால் அது விலகிப்போகும் ஓர் எல்லை இருக்கிறது. பழகிய பசுவுக்கு அது ஒரு கை தூரம், மேய்ச்சல் தரையில் வளர்ந்த நாம்பனுக்குப் பல பாகத் தூரம் (இரு கைகளையும் விரித்த நீளம் ஒரு பாகம்). அந்த எல்லையின் ஓரத்தில் நின்றுகொண்டு தோளுக்குப் பின்பக்கமாக நாம் நகர்ந்தால் மாடு முன்னே போகும். தோளைக் கடந்து முன்பக்கம் வந்தால் நிற்கும் அல்லது திரும்பும். அடியும் கூச்சலும் இல்லாமல் பட்டி நகர்வதற்கு இந்த அறிவு போதும். நேர் பின்னால் நின்று விரட்டினால், நாம் எங்கே நிற்கிறோம் என்பது அதற்குத் தெரியாததால், பார்ப்பதற்காகவே அது திரும்பும். அதைத்தான் முரண்டு பிடிக்கிறது என்கிறோம்.

பெரும்போக விதைப்புத் தொடங்கியதும் வயற்பகுதியிலிருந்து மாடுகளை அப்புறப்படுத்தி, மயிலத்தமடு, மாதவணை போன்ற தூர மேய்ச்சல் தரைகளுக்குக் கொண்டுபோவது எங்கள் மாவட்டத்தின் நெடுநாள் வழக்கம். மேய்ச்சல் தரைக்கு உரித்தான நிலம் குறுகிக்கொண்டே வருவதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இங்கே வழியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நூற்றுக்கணக்கான மாடுகள் ஒன்றாகப் போகும்போது, முன்னே போகும் மாடு ஒன்று மதகின் நிழலைக் கண்டு நின்றால் பின்னால் வருபவை நெருக்கி ஏறும். நடுவில் அகப்பட்ட கன்றும் மனிதரும் மிதிபடுவர். மாட்டின் கண்ணுக்குத் தார் வீதியின் குறுக்கே விழும் ஒரு கடும் நிழலும் பள்ளமும் ஒரே மாதிரித் தோன்றலாம். தேங்கிய நீரில் மினுங்கும் வெயில், வேலிக் கம்பியில் படபடக்கும் பொலித்தீன் பை, பாலத்தின் கம்பி இடைவெளி, திடீரென விரியும் குடை ஆகியவற்றின் முன்னும் அது தயங்கும். முன் மாடு தலையைத் தாழ்த்தி மோந்து பார்க்கட்டும், அதுவரை பின்னால் உள்ளவர்கள் நெருக்காமல் நிற்கட்டும். லொறியில் ஏற்றும்போதும் இதுதான் நிலை. வெளியே வெயிலும் உள்ளே இருட்டுமாக இருந்தால் மாடு ஏறாது, வாலை முறுக்கினாலும் ஏறாது. தட்டியைச் சிறிது திறந்து உள்ளே வெளிச்சம் விடுங்கள், இரவில் உள்ளே ஒரு விளக்கைத் தொங்கவிடுங்கள். அது மாட்டின் முகத்தில் அடிக்காமல் தரையில் விழ வேண்டும்.

கண் நோயையும் மறக்கக் கூடாது. ஈக்களால் பரவும் தொற்றுக் கண்நோய் மாட்டில் கண்ணீர் வடியத் தொடங்கி, கருவிழியில் வெண்மை படர்ந்து, கவனிக்காமல் விட்டால் பார்வையையே கெடுக்கும். ஒரு கண் மங்கிய பசு, அந்தப் பக்கத்திலிருந்து வரும் எவரையும் காணாது. நேற்றுவரை சாதுவாக இருந்த மாடு திடீரென உதைக்கத் தொடங்கினால், அதன் கண்ணை ஒரு முறை பார்த்துவிட்டு அதன் குணத்தைப் பற்றிப் பேசலாம். குதிரைக்கும் கண்ணின் உட்பகுதியில் திரும்பத் திரும்ப வரும் ஓர் அழற்சி உண்டு. குதிரைகளின் பார்வை போவதற்கு அது முதன்மையான காரணம். பிரதேசக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு ஆரம்பத்திலேயே அறிவித்தால் மாட்டின் கண்ணைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்.

இனி வீதி. என் மனதை மிகவும் வருத்துவது இதுதான். மாரி காலத்தில் வயலும் தரையும் ஈரமாகிவிட, மாடுகள் சூடு தங்கியிருக்கும் காய்ந்த தார் வீதியைத் தேடி வந்து படுக்கின்றன. எருமையின் கருமையும் தாரின் கருமையும் இரவில் ஒன்றாகிவிடும். மாட்டின் கண் மினுங்கும் என்று நம்பியிருக்க முடியாது. அது நம்மை நோக்கித் தலையைத் திருப்பியிருந்தால்தான் மினுங்கும், முதுகைக் காட்டிப் படுத்திருந்தால் ஒரு பொட்டு வெளிச்சமும் திரும்பி வராது. மாட்டின் பக்கத்திலிருந்து பார்த்தால் நிலைமை இன்னும் மோசம். இருட்டுக்குப் பழகிய அதன் கண்ணில் வாகனத்தின் முழு வெளிச்சம் விழுந்ததும் அது ஒன்றும் தெரியாமல் நின்றுவிடுகிறது. ஹோர்ன் அடித்தால் எந்தப் பக்கம் பாயும் என்று எவராலும் சொல்ல முடியாது.

கணக்கைப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் போகும் வாகனம் நொடிக்கு ஏறத்தாழ 17 மீற்றர் கடக்கிறது. கண்டதும் பிரேக்கை அழுத்த ஒன்றரை நொடி ஆகும் என்றால், அதற்குள்ளேயே 25 மீற்றர் போய்விடும். பிறகு காய்ந்த வீதியில் நிற்க இன்னும் 20 மீற்றர், நனைந்த வீதியில் 35 மீற்றர் வரை வேண்டும். மொத்தம் 45 முதல் 60 மீற்றர். தாழ்வெளிச்சத்தில் ஒரு கரிய எருமை அந்தத் தூரத்தில் தெரியாது. வேகத்தை 40 ஆகக் குறைத்தால் மொத்தத் தூரம் காய்ந்த வீதியில் 26 மீற்றர் அளவுக்கும் நனைந்த வீதியில் 33 மீற்றர் அளவுக்கும் இறங்கிவிடும். மட்டக்களப்பு–திருகோணமலை வீதியில் சித்தாண்டி, கிரான் பகுதிகளிலும், அம்பாறை மாவட்டத்தில் பொத்துவில் பக்கம் போகும் வீதியிலும், இருட்டிய பிறகு 40 என்பதே வாகனத்துக்கும் மாட்டுக்கும் பொருந்திய வேகம் என நினைக்கிறேன். முன்னே ஒரு மாடு கடந்தால் அதன் பின்னே கன்றோ இன்னொரு மாடோ வரும் என்று எதிர்பார்க்க வேண்டும். ஹோர்னை விட்டுவிட்டு வேகத்தைக் குறைத்து, அதன் பின்புறமாகக் கடக்க வேண்டும். முன்னோக்கி ஓடுவது அதற்கு எளிது, பின்னோக்கி வருவது அரிது.

மாட்டுக்காரருக்கும் கடமை உண்டு. இரவில் மாட்டைக் கட்டாமல் விட்டுவிட்டு, விபத்து நடந்த பின் நட்ட ஈடு கேட்பது நியாயம் ஆகாது; அலைந்து திரியும் மாடுகளைப் பிடித்து அடைத்துத் தண்டப்பணம் வாங்கும் அதிகாரம் உள்ளூராட்சிச் சபைகளுக்கு இருக்கிறது. கட்டி வைக்க முடியாத பெரிய பட்டியாக இருந்தால், கழுத்துக் கயிற்றிலும் கொம்பிலும் ஒளி தெறிக்கும் நாடாவை ஒட்டிவிடலாம். மலிவானது, கடையில் கிடைப்பது, மாடு எந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாலும் தெரியும்படி சுற்றிக் கட்ட வேண்டியது. கழுத்துக் கயிறு இறுக்கமாகவும் இருக்கக் கூடாது. முள்ளில் சிக்கினால் கழன்றுபோகும்படி கட்ட வேண்டும்.

இவ்வளவும் செய்தும் விபத்து நேரலாம். மாடு வயிற்றில் உதைத்தவருக்கு வெளியே ஒரு கீறலும் இல்லாமல் உள்ளே ஈரலோ மண்ணீரலோ கிழிந்திருக்கலாம். நோவு குறைந்துவிட்டது என்று வீட்டிலேயே படுத்துவிடக் கூடாது. முகம் வெளுத்தல், குளிர்ந்த வியர்வை, தலைச்சுற்று, மூச்சு வாங்குதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். குடிக்கத் தண்ணீரோ கோப்பியோ கொடுக்கக் கூடாது, ஏனென்றால் சத்திரசிகிச்சை தேவைப்படலாம். கொம்பு கிழித்த காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டே கொண்டுபோக வேண்டும். உள்ளே ஏதும் குத்தி நின்றால் பிடுங்கக் கூடாது, குடல் வெளியே வந்திருந்தால் உள்ளே தள்ளாமல் ஈரமான சுத்தத் துணியால் மூட வேண்டும். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தவர் கழுத்தில் அல்லது முதுகில் நோவு என்று சொன்னால், தூக்கி முச்சக்கர வண்டியில் மடித்து உட்கார வைப்பது காயத்தைவிடக் கேடானது. சாணமும் மண்ணும் பட்ட காயத்தின் வழியாக ஏற்பு வலிக் கிருமி நுழையும் என்பதால், சிறிய காயமானாலும் தடுப்பூசி பற்றி வைத்தியரிடம் கேட்டே ஆக வேண்டும்.

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் பணமின்றி வரும். ஆனால் மேய்ச்சல் தரையின் உட்பகுதிகளில் கைத்தொலைபேசிக்கு அலைவரிசை கிடைப்பதில்லை, மழை நாட்களில் வண்டி உள்ளே வரவும் முடியாது. எந்த இடம்வரை அலைவரிசை கிடைக்கும், எந்தச் சந்தி வரை அம்புலன்ஸ் வரும், அதுவரை காயப்பட்டவரை யாருடைய உழவு இயந்திரத்தில் கொண்டுவருவது என்பவற்றை மாரிக்கு முன்பே பட்டிக்காரர்கள் பேசி வைத்து, வாடியில் (மேய்ச்சல் தரைக் குடிலில்) உள்ள எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும்.

வீதியில் அடிபட்டுக் கிடக்கும் மாடும் ஆபத்தானதுதான். எழ முயன்று கால்களை வீசும், கூட்டத்தையும் விளக்குகளையும் கண்டு இன்னும் மிரளும். கால்கள் இருக்கும் பக்கமாக ஒருபோதும் போகாமல், முதுகுப் பக்கமாகத் தலையருகே குரல் கொடுத்து வந்து, ஒரு சாரனாலோ சாக்காலோ அதன் கண்களை மூடினால் பெரும்பாலும் அடங்கிவிடும். தீப்பிடித்த லாயத்திலிருந்து குதிரையை வெளியே கொண்டுவருபவர்கள் கையாளும் முறையும் இதுவே. கண்ணை மூடியபின் முகத்தில் விளக்கடிப்பதையும் சுற்றி நின்று படம் எடுப்பதையும் நிறுத்தச் சொல்லுங்கள். கால்நடை வைத்தியருக்கு அறிவித்துவிட்டு, இருவர் வீதியின் இரு பக்கமும் நூறு மீற்றர் தூரத்துக்குப் போய் விளக்கைத் தரையை நோக்கி ஆட்டி, வரும் வாகனங்களை மெதுவாக்க வேண்டும். அந்தத் தூரத்தைக் குறைக்க வேண்டாம். நனைந்த வீதியில் 60 மீற்றர் தேவைப்படும் வாகனத்துக்கு, அதைவிட முன்பாகவே எச்சரிக்கை தெரிந்தாக வேண்டும்.